விளக்கேற்றாத வெள்ளிகள்

மாதவிடாய் நின்று இரண்டு வருடங்களுக்குப் பிறகு அது திரும்பி வந்தபோது நான் பயப்படவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது நடுக்கமாக இருக்கிறது.

அதற்கு முந்திய என் நிலைமை அப்படி. கொழும்பில் காலி வீதி பஸ்ஸில் நிற்கும்போதே கழுத்திலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் வியர்த்துக் கொட்டும். இரவில் நித்திரை இல்லை. படி ஏறினால் முழங்கால் நோகும். கணவர் இறந்தபின் வெள்ளவத்தை ஃபிளாட்டில் நானும் மகளும்தான். நான் விழுந்தால் அவளுக்கு யார் என்ற எண்ணம் என்னை விட்டதே இல்லை. உடம்பைத் தேற்ற வேண்டும் என்று உளுத்தங்களி கிண்டினேன், எள்ளுருண்டை பிடித்தேன், சோயா அவித்தேன். போதாதென்று மேல்மாடி அக்கா தானும் விழுங்கும் குளிசையில் ஒரு போத்தல் தந்தார். அவருடைய தங்கை கனடாவிலிருந்து அனுப்புவது. சோயாவும் ஏதோ வேரும் சேர்ந்ததாம். செடியிலிருந்து எடுத்தது, கெடுதல் செய்யாது என்றார். சூடு குறைந்தது போலத்தான் இருந்தது.

பிறகு இரத்தம். கொஞ்சம்தான். குளிசை வேலை செய்கிறது, உடம்பு பழையபடி ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு.

"அப்ப திரும்பவும் பெரியபிள்ளை ஆகிட்டீர், சாமத்தியச் சடங்கு செய்ய வேண்டியதுதான். இப்பவே மண்டபம் பாத்து வையும்."

நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சிறு பெருமைகூட. பழைய வழக்கப்படி தீட்டு, துடக்கு என்று சாமியறைக்குள் போகாமல் இருந்தேன். முழுகிவிட்டு வந்தால் மறுநாளே மறுபடி தொடங்கும். கோயிலுக்குப் போகாத, விளக்கேற்றாத வெள்ளிகள் கூடிக்கொண்டே போயின.

ஒரு வெள்ளி, வேலை முடிந்து வந்த மகள் இருண்டு கிடந்த சாமியறையைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்டாள். துடக்கு என்றேன்.

"உங்களுக்கு நிண்டு ரெண்டு வருசமெல்லோ அம்மா?"

குளிசையைப் பற்றி விளக்கினேன். சடங்குப் பகிடியையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். மறுநாளே என்னைப் பெண்நோய் டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

டொக்டர் சிங்களப் பெண்மணி. எனக்குச் சிங்களம் சரியாக வராது, மகள்தான் பதில் சொன்னாள். டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நிறுத்துங்கள் என்றார். நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு துளி கண்டாலும் உடனே வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. கருப்பையை எடுக்க வேண்டுமாம். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது வெட்டிப் பார்த்த பிறகுதான் தெரியுமாம்.

த்ரீவீலரில் வீடு வரும்வரை மகள் என் கையை விடவில்லை. படியில் எதிர்ப்பட்ட அக்காவிடம் அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். அக்கா என்னைப் பார்க்காமல், தான் விழுங்குவதையும் நிறுத்த வேண்டுமா என்று அவளிடம் கேட்டார்.

அன்றும் வெள்ளி. மகள் சாமியறையைத் திறந்து, திரி போட்டு, எண்ணெய் விட்டு, நெருப்புப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். இரத்தம் இன்னும் நிற்கவில்லை, நீயே ஏற்று என்றேன்.

"இது துடக்கில்லை அம்மா. நோய்."

முதல் குச்சி அணைந்துபோனது. இரண்டாவதை என் கையைப் பிடித்துக்கொண்டு அவளே உரசினாள். சேர்ந்தே திரியில் வைத்தோம்.