நான்காவது கேபிள்

சிம்மக்கல்லில் ஒரு ஸ்பீக்கர் கடையில்தான் அவரைப் பார்த்தேன். செல்லூரில் முப்பது வருடம் தடதடக்கும் விசைத்தறி ஓட்டியவர். நரைத்த மீசை, சட்டைப் பையில் சீப்பு. வீட்டு ஹோம் தியேட்டருக்கு நான்காவது முறையாகக் கேபிள் மாற்ற வந்திருந்தார்.

பேசுவதெல்லாம் கத்தல்தான். "இடி இடிக்குது, குண்டு வெடிக்குது, எல்லாம் கேக்குது. ஆளுக பேசுறதுதான் வெளங்க மாட்டேங்குது!"

கடைக்காரர் ஆப்டிகல் கேபிள் ஒன்றை நீட்டினார். தறிக்காரர் கண்ணை மூடி, நூலில் முடிச்சுத் தேடுவதுபோல, அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் உருவினார். தறியில் துணி கெட்டால் முதலில் நூலைத்தான் பார்ப்பார்களாம்.

கடை டிவியில் மாட்டிப் போட்டார்கள். திரையில் ஒரு பெண் மெல்லப் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவரோ ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இடியைக் கொண்டுவரும் கேபிள் பேச்சை மட்டும் எங்கே தொலைக்கும்? அவர் காதருகே போய், "அண்ணே, கோளாறு கேபிள்ல இல்ல..." என்று சத்தமாக ஆரம்பித்தேன்.

என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போதுதான் அவர் குரல் தாழ்ந்தது.

"தெரியும் தம்பி. கேபிள்தான்னு இருக்கட்டும். கேபிள்னா மாத்திக்கிடலாம்ல."

கடைக்காரர் அதைப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, பழையபடி என்னைப் பார்த்துக் கத்தினார்: "இது நல்லா வரும்ல?"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி நானும் கத்தினேன்: "வரும்ணே!"