பக்கத்து சீட்டின் எடை

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. அன்றைக்கு என் கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. எனக்குப் பயத்தில் கண் மங்கியிருக்கலாம். ஸ்கேலுக்கு மங்காது.

அண்ணன் டயர் கடையில் வேலை பார்க்கிறான். இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓடாத நிலையில் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தான். வருகிற ஞாயிறு மலைப்பாதையில் பந்தயம். ஒரு ரேஸ் டீம் முதலாளி பார்க்க வருகிறார். நன்றாக ஓட்டினால் அவனுக்கு டீமில் இடம். டயர் கடையை விட்டு வெளியே வர அவனுக்கு வேறு வழி இல்லை.

என்ஜின் பரவாயில்லை. சஸ்பென்ஷன்தான் படுமோசம். வளைவில் திரும்பினால் கார் படகு மாதிரி ஆடும். புது செட் வாங்கினால் காரின் விலையையே தாண்டிவிடும். அதனால் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். அதே மாடல் கார் ஒன்று அங்கே நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து கழற்றி வைத்திருந்த ஷாக் அப்சர்பர்கள் உயர்ந்த ரகம். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். நான்கிலும் ஒரு கீறல் கூட இல்லை.

கடைக்காரர் பேரமே பேசவில்லை.

"நாலையும் எடுத்துக்கோ தம்பி. ரெண்டு மட்டும்னா தர மாட்டேன்."

"ஏண்ணே?"

"ஒண்ணா இருந்தது. ஒண்ணாவே போகட்டும்."

அண்ணன் என் காதருகே, "மனுஷன் மனசு மாறுறதுக்குள்ள கெளம்பு" என்றான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து கொட்டகையில் அவனுக்கு நான்தான் துணை. என் கை சிறியது. சக்கரத்துக்குப் பின்னால் எந்த இடுக்கிலும் நுழையும். நான்கையும் மாட்டினோம். களைத்தபோது மூலையில் கிடந்த பழைய சீட்டில் மாறி மாறி உட்கார்ந்தோம். எங்கள் காருக்கு வேறு சீட் மாற்றியபோது கழற்றிப் போட்டது அது. உட்கார்ந்தால் 'கிறீச்' என்று கத்தும்.

மாட்டியதும் உயரம் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத காரை அளந்து பயனில்லை. ஓட்டுகிறவன் ஏறினால் கணக்கு மாறிவிடும். அதனால் டிரைவர் சீட்டில் அண்ணன் எடைக்கு மணல் மூட்டை வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளப்போம். பக்கத்து சீட் காலி. பந்தயத்தில் அங்கே யாரும் உட்காரப் போவதில்லை.

மூட்டை இருந்த பக்கம்தான் தாழ வேண்டும்.

காலியான பக்கம் தாழ்ந்திருந்தது. இரண்டு விரல் அளவு.

"ஸ்பிரிங் தளர்ந்து போச்சு" என்றான் அண்ணன். புது ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? அந்தப் பக்கத்து ஷாக் அப்சர்பர்களில் உயரம் கூட்டும் வளையங்களை ஸ்பேனரால் திருகி, ஸ்பிரிங்கை இறுக்கி, காரைத் தூக்கினோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும்வரை.

நாங்கள் செய்த தவறு அதுதான். அப்போது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"எப்படிண்ணா?"

"ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுது." கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கையே பார்த்தான். "ஒண்ணுதான்... வளைவுல திரும்பும்போது, பக்கத்துல இருந்து யாரோ என் தோள்ல சாயுற மாதிரி இருக்கு."

"பேயா இருக்கும்."

"பேய்க்கு ஏதுடி வெயிட்டு?"

சிரித்தோம். அவன் இறங்கிப் போன பிறகுதான் கவனித்தேன். காலி சீட்டின் பெல்ட் மாட்டியிருந்தது. அவன் மாட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். நான் மாட்டியிருப்பேன் என்று அவனும் நினைத்தானாம்.

சனிக்கிழமை. மழை. அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலைக்குப் போயிருந்தாள். அண்ணன் பிரேக் ஆயில் வாங்கப் போனான். மணி ஏழு நாற்பது. கடைசியாக ஒருமுறை அளக்க மணல் மூட்டையை மறுபடி டிரைவர் சீட்டில் வைத்திருந்தோம். நான் கொட்டகையில் ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். தகரத்தில் மழைச் சத்தம். ஒரே ஒரு பல்பு.

டக்.

பெல்ட் கழலும் சத்தம்.

தலையைத் தூக்கினேன். ஒன்றுமில்லை. ஆனால்...

ஸ்ஸ்ஸ்ஸ்...

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். காரிலிருந்து யாராவது இறங்கும்போது ஷாக் அப்சர்பர் விடுகிற மூச்சு.

காலியான பக்கம் மெதுவாக எழும்பியது. என் கண் முன்னால்.

எழும்பி... நின்றது.

ஏன் அப்படிச் செய்தேனோ தெரியாது. பழக்கம். குனிந்து ஸ்கேலை வைத்தேன்.

மறுபக்கத்தை விட இரண்டு விரல் உயரம்.

வளையத்தை யாரும் தொடவில்லை. மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

எடை குறைந்திருக்கிறது.

அப்படியென்றால்... நாங்கள் சமமாக்கியபோது...

அந்த சீட் காலியாக இல்லை.

 ஸ்கேல் கீழே விழுந்தது.

எனக்குப் பின்னால், மூலையில்...

கிறீச்.

நான் திரும்பவில்லை.

மூச்சு விடவில்லை.

மழை மட்டும்...

ஏழு ஐம்பத்திரண்டுக்கு அண்ணன் வந்தான்.

"என்னடி, மூஞ்சி செத்துப் போயிருக்கு?"

"அளந்து பாரு."

அளந்தான். மறுபடியும் அளந்தான்.

"வளையத்தத் தொட்டியா?"

"இல்ல."

உள்ளே எட்டிப் பார்த்தான். கழன்று தொங்கிய பெல்ட் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். பந்தயம் நாளைக் காலை என்பது இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

"ஜாக்கிய எடு" என்றான்.

அம்மா வருவதற்குள் நான்கையும் கழற்றி, ஆடுகிற பழைய செட்டையே மாட்டிவிட்டோம்.  நான் மூலைப் பக்கம் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வளைவிலும் கார் ஆடியது. அண்ணன் கடைசிக்கு முந்தைய இடம். முதலாளி எங்கள் பக்கம் வராமலே போய்விட்டார். "உயிரோட வந்தேன்ல, விடு" என்று அண்ணன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

திங்கட்கிழமை செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை.

"நீங்க நாலாவது ஆளு" என்றார்.

"அந்தக் கார்ல என்ன நடந்துச்சுண்ணே?" அண்ணன் கேட்டான்.

"அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரு. அவன் ஓட்டுவான். மெக்கானிக் வேலையெல்லாம் அவதான். இந்த செட்ட மாட்டினதே அவ கைதான். மலையில வண்டி உருண்டுடுச்சு. அவன் பொழச்சுக்கிட்டான். பக்கத்து சீட்டுல பெல்ட் மாட்டினபடியே இருந்துச்சு." எங்கள் செட்டைத் தன் பக்கம் இழுத்தார். "ஆளைத்தான் காணோம். இன்னைக்கு வரைக்கும்."

சொல்லிக்கொண்டே ஷாக் அப்சர்பர் ஒன்றைத் தூக்கினார். கீழே வைத்தார். அடுத்ததைத் தூக்கினார். நான்கையும் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்னண்ணே?"

"எப்பத் திரும்பி வந்தாலும் நாலும் கல்லா கனக்கும்பா..." என்னைப் பார்த்தார். "இந்தத் தடவை லேசா இருக்கே."

வீடு வரும்வழியில் இரண்டு பேரும் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். நாங்கள் செட்டைக் கழற்றியபோது அந்தப் பக்கம் உயர்ந்திருந்தது.

அவள் அதற்கு முன்பே இறங்கிவிட்டாள்.

அன்று இரவே அண்ணன் மூலையிலிருந்த பழைய சீட்டைத் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தான். நான் விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

பத்து மணி இருக்கும்.

என் பக்கத்தில், மெத்தை மெதுவாக அமுங்கியது.

இரண்டு விரல் அளவு.