கொடிக்குக் கீழே ஒரு காம்பிரா

பலாங்கொடைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பதிலும் வாய் பேசுவதிலும் ஜெயம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. அவரும் புருஷன் காத்தமுத்துவும் மகனும் மருமகளும் லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பிராவில், ஒற்றை அறையில், முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், ஜெயம்மா லயத்துக்குப் பின்னால் தகரம் போட்டு இன்னொரு காம்பிரா இறக்கிவிட்டார். தோட்டத்து மேனேஜர் பெரிய துரையிடம் அனுமதி கேட்டால், பிறக்கப்போகும் பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகுதான் கிடைக்கும்.

வினை வானத்திலிருந்து வந்தது. வருடா வருடம் தோட்டத்துக்கு மேலே ட்ரோன் பறக்கும். இரத்தினபுரியிலிருந்து வரும் ஹில்மி, போன வருடப் படத்தோடு இந்த வருடப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஒப்பிடுவார். மாறிய இடத்தில் நிறம் விழும். புதுக் கூரைக்குச் சிவப்பு, புது மரத்துக்குப் பச்சை. சிவப்பு விழுந்தால் இடிப்புதான். மேல் லயத்தில் சமைக்கக் கட்டிய இரண்டு குசினிகள் அப்படிப் போயிருந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஜெயம்மா முழுக் காம்பிராவையே பெஷன் புரூட் கொடியில் மறைத்தார். அந்த வருடம் பச்சை விழுந்தது. செய்தி பரவியது. லயம் லயமாகக் காம்பிரா இறங்க, கொடி ஏறியது.

மூன்று வருடம் கழித்து, காடு வளர்க்கும் தோட்டங்களுக்கு வெளிநாட்டார் பரிசு தருவதாகச் சொன்னார்கள். ஹில்மி எல்லா வருடப் படங்களையும் வரிசையாக ஓட்டிக் காட்டினார். லயங்களுக்குப் பின்னால் பச்சை பெருகிக்கொண்டே போனது.

"சதுரம் சதுரமா வளர்ற காட்ட இப்பதான் பாக்கிறேன் சேர்," என்றார் ஹில்மி.

பெரிய துரை காதில் வாங்கவில்லை. அறிக்கையை அனுப்பிவிட்டு, வெள்ளைக்காரர்களைக் காடு பார்க்கவே கூட்டிவந்துவிட்டார்.

ஜெயம்மா ஓடிப்போய்க் கொடிக்கு முன்னால் நின்றார். காம்பிரா போனால் பிள்ளையோடு மருமகள் எங்கே படுப்பாள்? அந்த நேரம் பார்த்துக் காட்டுக்குள்ளிருந்து காத்தமுத்து கத்தினார்.

"ஏ புள்ள, டீவி நின்னு போச்சு!"

வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துரையின் முகம் வெளிறியது. ஆனாலும் மனுஷன் சமாளித்தார். "அவர் காட்டுக்குக் காவல்காரர்," என்று அவர்களுக்கு இங்கிலிஷில் சொல்லிவிட்டு, ஜெயம்மாவின் பக்கம் குனிந்தார்.

"ஜெயம்மா, இந்தக் கொடிய வெட்டக்கூடாது. வெளங்கிச்சா?"

"வெட்ட மாட்டோங்க தொர. ஆனா உள்ள ஆள் இருந்தாத்தானே தண்ணி ஊத்த முடியும்?"

அடுத்த வருடமும் பச்சைதான். இப்போது கொடிக்கு உரம் தோட்டத்துச் செலவில் வருகிறது. இதைச் சொல்கிற எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.