அத்தானின் கையொப்பம்

அத்தான் பகலில் ஒரு பல் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர். மிச்ச நேரமெல்லாம் சம்பளமில்லாத வேலை. யார் யாரோ எழுதிய ஜாவா நிரல்களை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பதிப்பு ஒன்றுக்காக, யாரும் எளிதாக நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தருவார். அதில் அவருக்கு ஒரே ஒரு வெறி உண்டு. வருகிற நிரலுக்குள் வேறு யாரோ முன்பே கட்டித் திணித்த, உள்ளே என்ன இருக்கிறதென்று படிக்க முடியாத ஜார் கோப்புகள் இருந்தால் அத்தனையையும் அழித்துவிட்டு, மூலநிரலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டும்படி பேக்கேஜிலேயே எழுதிவைத்துவிடுவார்.

"பரண் மேல இருக்கிறத ஒரு நாளாவது இப்படி அழிச்சிருக்கீங்களா?" என்பாள் அக்கா.

பேக்கேஜை அவருடைய மின் கையொப்பத்தோடு ஏற்றினால், அந்தப் பதிப்பை நடத்தும் குழுவின் கணினி அதை ஒருமுறை கட்டிப் பரப்பும், லட்சக்கணக்கான கணினிகள் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். அதன் கடவுச்சொல் அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்கா கடைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்த என்னைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் நுழைந்தார்கள், ஒருவன் நெட்டை, ஒருவன் கண்ணாடிக்காரன். கண்ணாடிக்காரன் ஒரு பென்டிரைவை மேசையில் வைத்தான்.

"உங்க பேக்கேஜ்தான் சார். கொஞ்சம் மாத்தியிருக்கோம். கையெழுத்துப் போட்டு ஏத்திடுங்க, போயிடுறோம்."

"என்ன மாத்தியிருக்கீங்க?"

நெட்டை விசைப்பலகையைப் பிடுங்கி அத்தான் முகத்தில் அறைந்தான். விசைகள் சோளப்பொரி மாதிரி தெறித்தன. இரண்டாவது அடியில் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்றாவது அடியில் தாடை. அத்தான் ஒரு பல்லைத் துப்பிவிட்டு, "முடியாது" என்றார்.

"பல்லு ஆஸ்பத்திரியிலதான வேலை? ஓசியில கட்டிக்குவ," என்றான் நெட்டை. என் இடது கையை இழுத்து விரல்களைக் கதவிடுக்கில் வைத்தான். கதவைச் சாத்தினான். எலும்பு முறிகிற சத்தம் எனக்கு முதலில் கேட்டது, வலி பிறகுதான் வந்தது.

"இன்னும் ஒரு கை இருக்கு சார்," என்றான் கண்ணாடிக்காரன்.

அத்தான் மடிக்கணினியை இழுத்தார். ரத்தம் சொட்டச் சொட்டக் கடவுச்சொல்லை அடித்தார். ஏற்றியதற்கான மின்னஞ்சல் வரும்வரை நின்று பார்த்தார்கள். போகிறபோது நெட்டை அவர் விலாவில் ஓர் உதை விட்டான்.

தரையில் கிடந்தபடி அத்தான் சிரித்தார். தாடை தொங்கியதால் பேச்சு குழறியது.

"மாப்ள, விஷத்தக் கொண்டுபோய் ஒரு ஜார்ல வச்சிருக்கான்டா. கட்டுறதுக்கு முன்னாடியே நம்ம பேக்கேஜ் அத அழிச்சிடும். அடிக்கத் தெரிஞ்ச நாய்ங்களுக்கு அது தெரியல."

"அதப் பாத்துட்டுதான் போட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. "இல்லடா. உன் விரலுக்காகப் போட்டேன். அப்புறம்தான் பாத்தேன்."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரே தன் கையொப்பத்தை ரத்துசெய்தார். அடித்தால் விழுகிற கையெழுத்தை யார் நம்புவார்கள்? பேக்கேஜ்களை இனி தொட வேண்டுமென்றால் புதுக் கையொப்பம் வேண்டும். அதற்குக் குழுவினர் இரண்டு பேர் நேரில் வந்து, அடையாள அட்டையிலிருக்கும் படத்தோடு முகத்தை ஒப்பிட்டு, அவர்தான் என்று உறுதி சொல்ல வேண்டும்.

அத்தானைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கே வந்தார்கள், ஒரு தாடிக்காரரும் ஒரு பேராசிரியையும். அத்தானுக்குக் கம்பி கட்டிய தாடை, வீங்கி மூடிய கண், இடம் மாறிய மூக்கு. இருவரும் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"நீங்கதான்னு மனசுக்குத் தெரியுது," என்றார் தாடிக்காரர். "ஆனா படத்த வச்சு சொல்ல முடியலயே."

"என் புருஷன் யாருன்னு எனக்குத் தெரியாதா?" அக்கா கத்தினாள். "நான் போடுறேன் கையெழுத்து!"

"நீங்க எங்க குழுவுல இல்லையேம்மா," என்றார் பேராசிரியை, அட்டையைத் திருப்பிக் கொடுத்தபடி.

பேச முடியாத அத்தான், மருத்துவமனையில் கொடுத்திருந்த எழுது பலகையில் மெதுவாக எழுதிக் காட்டினார்: "உங்க இடத்துல நானா இருந்தாலும் போட மாட்டேன். வீக்கம் வடிஞ்சதும் வாங்க."

அக்கா அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். தாடிக்காரர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.