இலையில் வைக்க ஒரு தெருபோக்

அவருக்கு என்ன பிடிக்கும் என்று என்னிடமே கேட்டார்கள். இத்தனை வருஷம் அந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் எனக்கே பதில் தெரியவில்லை என்பது உறைத்தது.

போன வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. அவர் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின நாள் வைக்கிற படையலில் முதல் தடவையாக அவர் படமும் சேர்கிறது. இறந்தவர்களில் ஆளுக்கு ஓர் இலை போட்டு, உயிரோடு இருந்தபோது அவரவர் ஆசையாகச் சாப்பிட்டதை வைப்போம். மாமனாருக்கு ஸ்டவுட் பீரும் ஆட்டு ஈரலும். மாமியாருக்குக் கோழி வறுவலும் வெற்றிலையும். அதிலெல்லாம் குழப்பமே வந்ததில்லை. இவர் இலைக்கு என்ன என்று கொழுந்தன் கேட்டபோது, "தெருபோக் மீன்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். என் மகளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மலாய்க்காரர்கள் தெருபோக் என்கிறார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டில் உல்லம் என்று ஒரு மீன் உண்டாம், அதற்கு இது சொந்தம். பார்க்க வெள்ளித் தகடு மாதிரி இருக்கும். சதை முழுக்க முள். நேர் முள், கவட்டை முள், எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்றே தெரியாத முள். வயிற்றில் இருக்கிற சினையில் மட்டும் முள் கிடையாது. அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்த நாளில், கடலோரத்து உம்பாய் பக்கம் போனால் எப்போதாவது ஒன்று கிடைத்தது என்று பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார். அன்றைக்கு வீட்டில் வேறு பேச்சே இருக்காது.

"அப்ப சினையைத்தான் வைக்கணும் அண்ணி," என்றார் கொழுந்தன். "சின்ன வயசுல தோட்டத்துல இருந்தப்ப அதுக்காக என்கிட்ட மல்லுக்கு நிப்பாருலா. எனக்குக் கொஞ்சம்கூடத் தரமாட்டாரு."

"இல்ல சித்தப்பா," என்றாள் மகள். "அப்பாவுக்குச் சினை புடிக்கவே புடிக்காது. சதைதான் சாப்பிடுவாரு."

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. நான் பார்த்ததும் மகள் சொன்னதுதான். ஒவ்வொரு தடவையும் சினையை முழுசாக எடுத்து என் தட்டில் வைப்பார். "எனக்கு அந்த வாடை ஒத்துக்காது, நீ சாப்பிடு" என்பார். நானும் வஞ்சனை இல்லாமல் சாப்பிடுவேன். அவர் முள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டு, நாங்கள் பாத்திரம் கழுவி முடித்த பிறகும் உட்கார்ந்திருப்பார். என்னை மட்டும் சதையைத் தொட விடமாட்டார். கல்யாணமான புதிதில் இதே மீனின் முள் என் தொண்டையில் சிக்கி, சோற்று உருண்டையை விழுங்கியும் வாழைப்பழத்தை விழுங்கியும் போகாமல், கடைசியில் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்றோடு சதைக்கும் எனக்கும் உறவு முடிந்தது.

சினை பிடிக்காமல் கொடுத்தாரா, பிடித்தும் கொடுத்தாரா, முள்ளுக்குப் பயந்து கொடுத்தாரா? பிடித்தும் கொடுத்தார் என்றால் இத்தனை காலமும் நான் அவர் பங்கைத் தின்றிருக்கிறேன். இருந்தபோதே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஒரு தடவையாவது அவருக்குப் பிடித்ததை அவர் இலையில் நான் வைக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. சரி, முதலில் மீன் கிடைக்கட்டும், எதை வைப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருக்கும் பாயா ரும்புட்டிலிருந்து உம்பாய்க்குப் போனேன்.

காலை வெயில் ஏறியிருந்தது. மீன் விற்கிற மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்போம், என் வயசுக்காரிதான். தெருபோக் என்றதும் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சுடா லாமா தாக் நம்பாக், காக்," என்றாள். பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது அக்கா என்கிறாள். தப்பித் தவறி யாராவது வலையில் ஒன்று மாட்டினால்தான் உண்டு என்றாள். சியாகாப் மீன் வாங்கிக்கொள், செனாங்கின் மீன் வாங்கிக்கொள் என்று தள்ளிவிடப் பார்த்தாள். செத்துப்போன புருஷனுக்கு என்று சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, கொழுந்தனின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். கிடைத்தால் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

திரும்பும் வழியில் பசாரில் இறங்கினோம். சரவாக்கிலிருந்து வந்த உப்புத் தெருபோக் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உப்புச் சினையைக் கடைக்காரன் தனியாகப் பாக்கெட் போட்டு வைத்திருந்தான். ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டேன். அவர் உப்பு மீனைத் தொடமாட்டார். அது ஒன்றாவது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் பிடித்துக்கொண்டாள். அவள் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள். வீட்டிலும் அதே வேலைதான்.

"அது கெடைக்கலன்னா நல்லதுதாம்மா. அந்த மீனோட கதை ஒங்களுக்குத் தெரியுமா?"

"மீனுக்கு என்னடி கதை?"

"பொறக்கும்போது எல்லாம் ஆம்பள மீனு. வளர்ந்து கொஞ்சம் பெருசானதும் அதே மீனு பொம்பளையா மாறிடும். அப்புறந்தான் முட்டை போடும்."

கையில் இருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டேன். அப்பாவாக இருந்தது அம்மாவாக மாறுமா? விளையாடுகிறாயா என்று கேட்டேன். சத்தியம் என்றாள். ஆண் பெண்ணாகிற மீன்கள் நிறைய உண்டு, நாம் வாங்கித் தின்கிற சியாகாப்கூட அப்படித்தான் என்று இன்னொரு குண்டைப் போட்டாள். இத்தனை வருஷம் நான் குழம்பு வைத்ததெல்லாம் என்னவென்று தெரியாமலே வைத்திருக்கிறேன்.

அவள் விடவில்லை. இந்த மீன் நடுக்கடலுக்குப் போவதில்லையாம். கரையோரமாகவே திரியும். முட்டை போடுகிற காலத்தில், ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற முகத்துவாரத்துக்குக் கூட்டமாக வரும். அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, நீரோட்டம் வேகமாக இருக்கும் நாளாகப் பார்த்து. நம் கரைக்கு நேர் எதிரே, சுமத்ரா பக்கத்தில் பெங்காலிஸ் தீவை ஒட்டித்தான் அது கூடுகிற இடம். சரவாக்கில் கிடைப்பது பெரும்பாலும் இதன் பங்காளி இனம். இந்த நீரிணையில் ஒரு காலத்தில் கொட்டிக் கிடந்தது, இன்றைக்குத் தேடினாலும் இல்லை.

"ஏன் இல்ல?"

"எல்லாருக்கும் சினைதானே வேணும்? சினைக்காகப் பெருசாப் பாத்துப் புடிச்சா, புடிக்கிறது பூராவும் அம்மா மீனு. முட்டை போட வர்ற நேரத்துல வாசல்லயே வலைய கட்டிட்டா அப்புறம் எங்கேர்ந்து வரும்? அந்தக் கரையில சில மாசத்துக்கு அமாவாசை, பௌர்ணமியில வலை போடக் கூடாதுன்னு சட்டமே போட்டிருக்காங்க."

தீபாவளிப் படையலும் அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது. நாம் செத்தவர்களைக் கூப்பிடுகிற நேரத்தில் அது பிள்ளை பெற வருகிறதா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஒரு மீனு வாங்கினா ஒலகம் அழிஞ்சிடாதுடி," என்றேன்.

"எல்லாரும் ஒண்ணுதாம்மா வாங்குறாங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் அப்பாவுக்குச் செய்வதில் கணக்குப் பார்க்கிறாயா என்று கத்தினேன். அவள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அப்பாவுக்குச் சினை பிடிக்காது என்று சொன்னவளும் அவள்தான். அப்படியிருக்க நான் ஏன் சினைக்காகச் சண்டை போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அன்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

படையல் அன்று காலையில் கொழுந்தனுக்குப் போன் வந்தது. வேறு மீனுக்குப் போட்ட வலையில் ஒரு தெருபோக் மாட்டியிருக்கிறதாம், மாக்சிக் ஐஸில் வைத்திருக்கிறாளாம். மகளிடம் ஒன்றும் சொல்லாமல் புறப்பட்டேன். அவளே காரை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

மீன் முழங்கை நீளத்துக்குக் குறைவுதான். ஆனாலும் பளபளவென்று இருந்தது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் பேப்பரைப் பிரிக்கிற மாதிரியே மாக்சிக்கும் பிரித்தாள், அது போதுமாக இருந்தது. அவளை அறுக்க விடவில்லை. முழுசாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சமையலறையில் கத்தியைப் போட்டு வயிற்றைத் திறந்தேன். சினை இல்லை. விரலை விட்டுத் துழாவினேன். சினை இருக்க வேண்டிய இடத்தில் மெலிசாக, நாடா மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மகளைக் கூப்பிட்டேன். பேசாமல் இருந்ததெல்லாம் மறந்து, குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆம்பளையா?" என்றேன்.

"தெரியலம்மா. மாறிக்கிட்டு இருக்குன்னு நெனைக்கிறேன். மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் சரியாச் சொல்ல முடியும்."

"அப்ப இது அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்லயா?"

"இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தா அம்மா ஆயிருக்கும்."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இரண்டு பக்கமும் நெருக்க நெருக்கமாகக் கீறினேன். அப்படிக் கீறினால்தான் சின்ன முள்ளெல்லாம் அறுபட்டு எண்ணெயில் முறுகும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரித்தேன். எதை வைப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு மீனே பதில் சொல்லிவிட்டது, எனக்குத்தான் அந்தப் பதில் பிடிக்கவில்லை. சினை இருந்திருந்தால் கொழுந்தன் சொன்னதை நம்பி அதையே வைத்திருப்பேன். பட்ட கடனைத் திருப்பித் தந்த மாதிரி இருந்திருக்கும்.

சாயங்காலம் இலை போட்டோம். படங்களுக்குப் பூ, புதுத் துணி, சாம்பிராணி. அவர் இலையில் சோறு, ஆட்டிறைச்சிப் பிரட்டல், நடுவில் அந்த மீன். கற்பூரம் காட்டிவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டும். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சினை எங்கே என்று தேடுவாரோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

பிறகு உள்ளே போய் ஆளுக்கோர் இலை முன்னால் உட்கார்ந்தோம். புருஷன் இலையில் பெண்சாதிதான் சாப்பிட வேண்டும் என்று கொழுந்தன் என்னை அங்கே உட்காரச் சொன்னார். மகள் பதறிப்போனாள்.

"மா, முள்ளு. அப்பா ஒங்கள தொடவே விடமாட்டாரு."

"அப்பா இல்லலா," என்றேன்.

விரல் நுனியால் ஒரு துண்டு பிய்த்தேன். முள்ளை ஒவ்வொன்றாக உருவி இலை ஓரத்தில் வைத்தேன். ஒரு வாய்க்கே வெகு நேரம் பிடித்தது. வாயில் போட்டேன்.

அப்படி ஒரு ருசியை நான் எந்த மீனிலும் சாப்பிட்டதில்லை. நெய்யும் தித்திப்புமாக, மெல்லுவதற்கு முன்பே கரைந்து போனது. இந்தச் சதைக்கு முன்னால் சினையெல்லாம் ஒன்றுமே இல்லை. இரண்டாவது வாய் எடுத்தேன், மூன்றாவது எடுத்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மனுஷன் எனக்காக விட்டுக்கொடுத்தாரா, இல்லை, என் கையில் சினையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு இதைத் தனியாகத் தின்றுகொண்டிருந்தாரா? படத்தைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம், அதில் ஒன்றும் தெரியாது.

மகள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிம்மா இருக்கு?" என்றாள். முள்ளை உருவிக்கொண்டிருந்தேன். கண்ணீர் இலையில் விழுந்தது. மற்றவர்கள் எழுந்து கை கழுவிய பிறகும் நான் எழவில்லை. யாருக்கும் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை.

"நல்லாருந்துச்சா அண்ணி?" என்றார் கொழுந்தன். "மாக்சிக்கிட்ட அடுத்த வருஷத்துக்கு இப்பவே சொல்லி வச்சிரவா? பெருசா, சினையோட?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேண்டும் என்பதுதான் நாக்கு நுனியில் நின்றது. அவருக்குப் பிடித்தது என்னவென்று இப்போதுதான், அவர் இல்லாத வீட்டில், அவர் இலையில் கை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

"வேணாம் தம்பி," என்றேன். "யாரும் புடிக்க வேணாம்னு அந்த மாக்சிக்கிட்ட சொல்லுங்க. அடுத்த வருஷம் அவருக்குக் கோழி வைக்கிறேன்."