ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் ஒரகடத்துத் தொழிற்சாலையில் எனக்குச் சித்திரகுப்தன் வேலை. சம்பளம் மட்டும் ஒரகடம் ரேட்.

ஆட்கள் ஓய்வு பெறும்போது தரவேண்டிய கிராஜுவிட்டி, அதன்பிறகு அவர்களுக்கும் மனைவிக்கும் கம்பெனி ஏற்கும் மருத்துவச் செலவு, இவை என்றோ கொடுக்கப்போகிற பணம்தான். ஆனாலும் அதில் இந்த வருடத்துப் பங்கை இந்த வருடமே செலவாக எழுதிவிட வேண்டும் என்பது கணக்குப் பிரிவுக்காரர்களான எங்கள் தொழில் தர்மம். அதற்கு யார் எத்தனை வருடம் வேலையில் இருப்பார், யார் பாதியில் ஓடிப்போவார், ஓய்வுக்குப் பின் எவ்வளவு காலம் உயிரோடிருப்பார் என்று கணிக்க வேண்டும். கணிப்பவர் மும்பையில் இருக்கும் ஆக்சுவரி. பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பளம் என்று அவருக்குப் பட்டியல் அனுப்புகிறவன் நான்.

ஒரு வருடம் அவரிடமிருந்து மெயில் வந்தது. பட்டியலில் ஏராளமானோர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறார்களே, பிழையா?

பிழையில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே ஜூன் ஒன்றில்தான் பிறந்தது. அப்பன் கையைப் பிடித்து இழுத்துப்போய் நிறுத்தினால், ஹெட்மாஸ்டர் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது முடிகிற மாதிரி ஒரு தேதி எழுதிக்கொள்வார். அம்மா பெற்றது வீட்டுக்கு, ஹெட்மாஸ்டர் பெற்றது அரசாங்கத்துக்கு. நானும் அப்படிப் பிறந்தவன்தான்.

தகடு அழுத்தும் பிரெஸ் ஷாப்பின் சூப்பர்வைசரும் அப்படித்தான். பதினேழு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர். நான் குன்றத்தூரில் ஏறி ஜன்னலோர சீட்டில் டிபன் பையை வைத்து இடம் பிடிப்பேன். அவர் படப்பையில் ஏறி, பையை என் மடியில் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்து, "எதுவரிக்கும் வந்த?" என்பார். கையிலிருக்கும் நாவலில் எதுவரைக்கும் என்று அர்த்தம். அவர் ஒரு புத்தகமும் படித்ததில்லை. ஆனால் நான் படித்த எல்லாவற்றையும் ஒரகடம் வருவதற்குள் கேட்டுவிடுவார். எல்லாவற்றின் மேலும் அவருக்குத் தீர்ப்பு உண்டு.

அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது ஒரு தடித்த நாவல். ஒரு தபால் அதிகாரி ஒரு விதவையிடம் தன் மனதைச் சொல்லாமலே வருடக்கணக்காக இழுக்கிற கதை.

"வாய்தான் இல்ல. தபாலாபீஸ்லதான கீறான்? ஒரு லெட்டர் போட்டா இன்னாவாம்?"

"கூச்சம்ண்ணா."

"கூச்சமா? உன்னிய மாதிரி ஆளா கீறான்."

அந்த மே மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. ஆக்சுவரி மெயில் விஷயத்தைப் பஸ்ஸில் உளறிவிட்டேன். மறுநாள் பிளாஸ்டிக் கவரில் ஜாதகத்தோடு வந்தார். அதன்படி அவர் சர்டிபிகேட் தேதிக்கு அடுத்த வருடத்து ஐப்பசியில் பிறந்தவர். ஏறக்குறைய ஒன்றரை வருடம் இளையவர்.

"நீதான சார் லிஸ்ட்டு அனுப்புற? மாத்தி வுடு. வூட்ல குந்திகினு இன்னா பண்றது? கதையும் பாதியில நிக்கிது."

ஜாதகத்தை எடுத்துக்கொண்டு எச்.ஆரிடம் போனேன். அங்கிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வச்சிக் கல்யாணம் பண்ணலாம் சார். சர்வீஸ் நீட்டிக்க முடியாது. பள்ளிக்கூட சர்டிபிகேட்தான்."

நான் வாதாடியிருக்கலாம். ஒன்றரை வருடம் கூடினால் கம்பெனிக்கு என்ன ஆகும் என்று ரகசியமாகக் கணக்கும் போட்டுப் பார்த்திருந்தேன், கம்பெனி தாங்கும். ஆனால் நான் வாதாடுகிற ஜாதியில்லை. என் சீட்டுக்குத் திரும்பி, ஆக்சுவரிக்கு ஒரே வரி எழுதினேன்: "தேதிகள் சரிபார்க்கப்பட்டன." என் பக்கத்து சீட்டை நானே காலி செய்த வரி அது.

கடைசி நாள் பஸ்ஸில் அவர் என்னைத் திட்டவில்லை. கதையும் கேட்கவில்லை. படப்பையில் இறங்கும்போது என் மடியிலிருந்த டிபன் பையை எடுத்து ஜன்னலோரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதன்பிறகும் பையை அங்கேதான் வைக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் நின்றுகொண்டே வருகிறார்கள். ஆள் வருவதாக நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

அடுத்த மார்ச்சில் அவர் பட்டியலின் இன்னொரு தாளுக்கு இடம் மாறியிருந்தார்: ஓய்வு பெற்றோர், மருத்துவச் செலவு. அதில் இருப்பவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் வாழ்ந்தால், எங்கள் மொழியில் அதற்கு நஷ்டம் என்று பெயர். ஆயுள் முழுவதும் நஷ்டத்தைக் குறைக்கவே சம்பளம் வாங்கியவன், அந்த ஒரு வரியில் மட்டும் பெரிய நஷ்டமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆடிட்டரிடம் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று போன் செய்து உறுதிப்படுத்துவது எச்.ஆர் வேலை. இவருடைய எண்ணை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன்.

"இன்னா சார், கீறேனா பூட்டேனான்னு செக் பண்றியா?"

"ஃபார்மாலிட்டிண்ணா."

"கீறேன்னு எழுதிக்கோ. அத்த வுடு. அந்தாளு லெட்டர் போட்டானா?"

"அதுக்கப்புறம் படிக்கலண்ணா."

"ஏன்?"

"பஸ்ல படிச்சா தல சுத்துது."

"பதினேழு வருசமா சுத்தாத தல!" பின்னால் குக்கர் விசில் கேட்டது. "டெய்லி எங்கூட்டாண்டதான் பஸ் போவுது. ஒரு நாளாச்சும் எறங்கிகீறியா நீ?"

இறங்கியதில்லை. படப்பை அவர் ஏறுகிற இடம், இறங்குகிற இடம். நான் இறங்கலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

தாளில் அவர் பெயருக்கு நேராக 'உள்ளார்' என்று அடித்தேன். மறுநாள் நாவலை டிபன் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அதில் அடையாளச் சீட்டு போன மே மாதம் நிறுத்திய பக்கத்திலேயே இருந்தது. சாயங்காலம் திரும்பும்போது, படப்பையில் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "சார், தூங்கிட்டியா? இது படப்பை."

"தெரியும்ப்பா," என்று இறங்கினேன்.