பச்சை நிறப் பேரிங்

நான் பிறந்தது மருத்துவமனையில் அல்ல, ஒரு பழைய காரின் பின்சீட்டில். அம்மாவை ஏற்றிக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், லுக்குட் ஊருக்கு முன்னாலேயே, செம்பனைமரக் காட்டு ரோட்டில் அப்பாவின் முதல் கார் என்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டதாம். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்கார அம்மாதான் இறங்கி ஓடிவந்து என்னைக் கையில் வாங்கினாராம். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், சித்தப்பா இந்தக் கதையை எடுத்துவிடுவார்.

"ஏறும்போது ரெண்டு பேரு, எறங்கும்போது மூணு பேரு லா!"

எல்லாரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்துபோவார். பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லித்தான் பெருமை அடித்துக்கொள்வேன். வேறு யாருக்கு வாய்க்கும்?

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தார். தீபாவளி கழித்துப் பிரசவம். அப்போது எங்களிடம் இருந்தது இரண்டாவது கார். அதுவும் கிழம்தான், மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதுவும் வைத்திருந்தறியாத சித்தப்பா, கார் என்ஜின் விஷயத்தில் மட்டும் பெரிய மேதை. என்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்குகளை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும் என்று தினமும் வந்து ஓதினார்.

"இவ்வளவு ஓடுன வண்டிண்ணே. பேரிங் தேஞ்சிருந்தா சொல்லாம கொள்ளாம நின்னுடும்."

"சத்தம் கித்தம் ஒண்ணும் இல்லடா. ஓடுற என்ஜின எதுக்குப் பிரிக்கணும்? பிரிச்சவன் ஒழுங்கா மாட்டலைன்னா?" என்றார் அப்பா. எண்ணெய் மட்டும் மாற்றினால் போதும் என்று பேச்சை முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காருக்கடியில் படுத்து எண்ணெயை இறக்கினார். வழக்கமான வாளி விரிசல் விட்டிருந்ததால், கொல்லையில் கவிழ்ந்து கிடந்த அகலமான பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டார். எண்ணெய் முழுதும் இறங்கியதும் பேசினை வெயிலுக்கு இழுத்துப் பார்த்தவர், அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கறுத்த எண்ணெயில் பொடிப்பொடியாக என்னவோ மின்னியது.

"பாத்தீங்களாண்ணே, பேரிங் பொடியா உதிருது," என்றார் சித்தப்பா. சொன்னது பலித்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அப்பா எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். அம்மா வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லுக்குட் பட்டறையில் கார் ரிப்பேர் பார்க்கும் ஃபோர்மேன் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வந்தார். எண்ணெயைத் துணியில் வடிகட்டி, அதன்மேல் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு, பச்சை, ரோஸ்.

"நானும் இருவது வருஷமா என்ஜின் பிரிக்கிறேண்ணே. பச்சைக் கலர்ல பேரிங் இன்னிக்குத்தான் பாக்குறேன்."

எட்டிப் பார்த்த எனக்குச் சுரீரென்றது. முந்தின நாள், பள்ளிக்கூடத்துத் தீபாவளிக் கோலத்துக்காக அரிசியில் சாயமும் ஜிகினாத் தூளும் போட்டுக் கலக்கியது அந்தப் பேசினில்தான். கழுவித்தான் வைத்தேன், நான் கழுவிய லட்சணம் அப்படி.

"அது என்னோட ஜிகினா," என்று முனகிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கரி. "அப்பாடா" என்று அம்மா படியிலேயே உட்கார்ந்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஃபோர்மேன் புது எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டார். "தட்டுற சத்தம் இல்ல, எண்ணெய் பிரஷரும் நல்லா இருக்கு. இப்ப மாத்தத் தேவையே இல்லண்ணே."

"அதானே, ஓடுற என்ஜின எதுக்குப் பிரிக்கணும்?" என்று சித்தப்பாவும் கட்சி மாறினார்.

அப்பா கார்ச் சாவியை எடுத்து ஃபோர்மேன் கையில் வைத்தார். "பரவால்ல. மாத்திடுங்க."

கார் பட்டறையில் கிடந்ததால் சிரம்பானுக்குத் துணி வாங்கப் போகவில்லை. தீபாவளிக்கு நான் போன வருஷத்துப் பாவாடையைத்தான் உடுத்தினேன். ஃபோர்மேன் காரோடு பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டிய பழைய பேரிங்குகளில் பெரிய தேய்மானம் ஒன்றும் இல்லை. நன்றாக இருந்ததை மாற்றி என் புதுத் துணியைக் கெடுத்த அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

மறுவாரம், மத்தியானச் சோற்றில் கை வைத்த நேரத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். செம்பனைக் காட்டைத் தாண்டும்வரை அப்பா என்ஜின் சத்தத்தையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு ஓட்டினார். கார் ஒரு முனகல்கூட இல்லாமல் சிரம்பான் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலம் டாக்டர், நர்ஸ் எல்லாரும் சூழ, சுத்தமான கட்டிலில் தம்பி பிறந்தான்.

அவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கார் நிற்கவில்லை, யாரும் ஓடிவரவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எதைச் சொல்லிப் பெருமை அடிப்பான்?

"தம்பிக்குக் கதையே இல்லையேப்பா," என்றேன்.

அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஆமா பாப்பா. ஒண்ணுமே இல்ல லா," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

ஒரு கதையும் இல்லாததில் ஒருவருக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.